கடல் தாண்டும் தூசிக்கு உப்பு எங்கே ஏறுகிறது?

2003 ஜனவரி 28 அன்று கிழக்கு மத்தியதரைக் கடலின் மேல் ஓர் ஆய்வு விமானம், மேகங்களின் அடியிலும் ஓரங்களிலும் பறந்து காற்றில் மிதந்த துகள்களைச் சேகரித்தது. அந்த நாட்களில் கொலம்பியா விண்கலம் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்த கேமரா ஒன்றின் வேலை, அதே ஆய்வுக்காகப் பாலைவனத் தூசியைப் படம்பிடிப்பது. பிப்ரவரி 1 அன்று அந்தக் கலம் தரையிறங்கும் வழியில் சிதறியது; கல்பனா சாவ்லா, இலான் ரமோன் உட்பட எழுவரும் உயிரிழந்தார்கள். அந்தத் துயரம் நமக்கு நினைவிருக்கிறது. அவர்கள் மேலே என்ன ஆராய்ந்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அது பேசப்பட வேண்டியது.

விமானம் கொண்டுவந்த துகள்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பல தூசித் துகள்களின் மேல் சல்பேட் படிந்திருந்தது. சிலவற்றில் கடல் உப்பும் சேர்ந்தே இருந்தது. தூசி ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம் என்றில்லாமல், ஒரே துகளுக்குள் இரண்டும்.

இரண்டும் வானேறும் வழிகள் வேறு. பாலையில் பலத்த காற்று மணலைத் துள்ளவைக்கிறது. துள்ளி விழும் மணல் தரையில் மோதித் தெறிக்கவிடும் நுண்பொடிதான் உயரே போகிறது. கடலிலோ அலை உடையும்போது நீருக்குள் மாட்டிய காற்று குமிழியாக மேலே வந்து வெடிக்கிறது. குமிழியின் மெல்லிய தோல் கிழிந்து மிக நுண்ணிய துளிகள் சிதறும். அடுத்த நொடியில் குழியின் நடுவிலிருந்து நீர் பீச்சியடித்துச் சற்றே பெரிய துளிகளை எறியும். துளி உலர்ந்தால் மிஞ்சுவது உப்பு.

ஒரே காற்றில் மிதப்பவை மோதி ஒட்டிக்கொள்கின்றன என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் இந்தத் துகள்கள் அத்தனை நெருக்கமாக இருப்பதில்லை; வேகமாக விழுவதுமில்லை. ஒரு மைக்ரான் அளவுள்ள தூசி, அசையாத காற்றில் ஒரு நாள் முழுதும் விழுந்தாலும் பத்து மீட்டர்கூட இறங்காது. 1986இல் மைன்ராட் ஆந்த்ரேயேயும் சக ஆய்வாளர்களும் நிலத்திலிருந்து வெகுதொலைவிலுள்ள கடற்காற்றில் எடுத்த துகள்களை ஆராய்ந்தார்கள். அதிலிருந்த மண்துகள்களில் பெரும்பங்கு உப்போடு கலந்தே இருந்தது. வெறும் மோதல் இதற்குப் போதாது என்று அவர்கள் காட்டினார்கள். கடலில் விழுந்த தூசி அலைத்தெறிப்போடு மீண்டும் மேலேறியது என்ற விளக்கமும் நிற்கவில்லை. அவர்கள் சுட்டியது மேகத்தை.

எனக்கு இந்த விஷயத்திலேயே மிக அழகானதாகத் தோன்றுவது இந்த இடம்தான். உப்பு ஈரத்தை இழுத்து மேகத்துளியாகிறது. தூசியும் துளிக்குள் அகப்படுகிறது. துளியும் துளியும் சேர்ந்து ஒன்றாகின்றன. மேகத்துளிகளில் பெரும்பாலானவை மழையாகத் தரைக்கு வருவதில்லை. வறண்ட காற்று பட்டதும் ஆவியாகிவிடுகின்றன. நீர் போய்விடுகிறது, உள்ளே கரைந்ததும் கரையாததும் ஒரே துகளாக மிஞ்சுகின்றன. அந்தத் துகள் அடுத்த மேகத்துக்குள் போகும், இன்னும் உப்பைச் சேர்த்துக்கொள்ளும்.

இதை ஆண்டுதோறும் காணக்கூடிய இடம் ஜப்பானின் தென்மேற்கிலுள்ள கியூஷூ தீவு. வசந்தத்தில் கோபி, தக்லமகான் பாலைகளிலிருந்து கிளம்பும் தூசி மஞ்சள் கடலையும் கிழக்குச் சீனக் கடலையும் கடந்து அங்கே வருகிறது. ஜப்பானியர் இதைக் கோசா என்பார்கள். அங்கே சேகரித்த தூசித் துகள்களில் பாதிக்கும் மேல் உப்பேறியிருந்த நாட்கள் உண்டு.

வழியில் வேதிவினையும் நடக்கிறது. நகரப் புகையிலிருந்து உருவாகும் நைட்ரிக் அமிலம் கடல் உப்பைத் தாக்கினால், உப்பிலுள்ள குளோரின் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவாக வெளியேறுகிறது. இந்த வாயு தூசியிலுள்ள சுண்ணாம்பைத் தொட்டால் கால்சியம் குளோரைடு உண்டாகும். அலமாரியில் ஈரம் உறிஞ்ச வைக்கிறோமே, அதே பொருள். யுடாகா டோபோ குழுவினர் 2010இல் காட்டியது இதைத்தான்: மாசு குறைந்த கடற்காற்றிலும்கூட ஆசியத் தூசியின் சுண்ணாம்புத் துகள்கள் இப்படி நீர்த்துளிகளாகவே மாறிவிடுகின்றன. ஆக, உப்பு தூசியை நேரில் சந்திக்காமலே அதன் குணத்தை மாற்ற முடியும்.

மாறிய துகள் மழையையும் மாற்றுகிறது. மத்தியதரைக் கடல் அளவீடுகளை மேகத்தின் கணினி மாதிரியில் இட்டுப் பார்த்தபோது, உப்பேறிய பெரிய துகள்கள் பருத்த துளிகளை விரைவில் உருவாக்கி மழையைக் கூட்டின. அதே தூசி மேகத்தின் உச்சியில் பனிப்படிகங்களுக்கும் வித்தாகும் என்று கணக்கில் சேர்த்தால், மழை அந்த அளவுக்குக் கூடவில்லை. செயற்கைக்கோளுக்கும் இது சிக்கல். கோணல்மாணலான தூசியில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளி ஒருவிதமாகவும், உருண்டைத் துளியில் பட்டுத் திரும்புவது வேறுவிதமாகவும் இருக்கும். நீர் போர்த்திய தூசி உருண்டை போலத் தெரியும். 2006 முதல் 2023 வரை இயங்கிய கலிப்சோ செயற்கைக்கோளின் தரவில், தூசி கலந்த கடற்காற்று என்ற தனி வகையைப் பிற்பாடு சேர்க்க வேண்டியதாயிற்று.

நமக்கு இது அரபிக் கடலில் வந்து நிற்கிறது. மேற்காசியத் தூசி அந்தக் கடலின் மேல் அதிகரித்தால், ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் மத்திய இந்தியாவில் மழை கூடுகிறது என்று வி. வினோஜ் உள்ளிட்டோர் 2014இல் கண்டறிந்தார்கள். தூசி வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குவதும், அதனால் ஈரக்காற்று நிலத்தை நோக்கி வலுப்பதும் அவர்கள் சொன்ன காரணம். பருவமழைக் காலத்தில் தூசி பெரும்பாலும் சில கிலோமீட்டர் உயரத்தில் வருகிறது. பருவக்காற்று கிளப்பும் உப்போ கடலை ஒட்டிய கீழ் அடுக்கில் செறிந்திருக்கிறது. தூசி எவ்வளவு கீழே இறங்கியது, எத்தனை மேகங்களுக்குள் புகுந்து வெளியே வந்தது என்பதைப் பொறுத்தே அதில் உப்பேறும். தூசி இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று தனித்தனியாக எடை போட்டு வைப்பதால் இது தெரியவராது. ஒவ்வொரு துகளாகப் பார்க்கும் பொறுமையான வேலை மேற்குக் கரையிலும் லட்சத்தீவிலும் பருவமழைக்கு முன்பே தொடங்கி, மழை முடியும்வரை நடக்க வேண்டும்.