மூன்றாம் நாள்

1544-ஆம் ஆண்டு மணப்பாட்டிலிருந்து புன்னைக்காயலுக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவர் பிரான்சிஸ் சவேரியார். பெற்றவர், அங்கே அவருக்கு உதவியாக இருந்த மான்சிலாஸ். சாராயம் குடிக்கும் பெண்களைப் பிடித்துக்கொடுத்தால் தலைக்கு ஒரு பணம் வெகுமதி, பிடிபட்டவளுக்கு மூன்று நாள் சிறை என்று அதில் உத்தரவு இருந்தது. இனியும் புன்னைக்காயலில் சாராயம் புழங்கினால் ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகள் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. முத்துக்குளித்துறையில் குடியைத் தடுக்க நடந்த முயற்சிகளுக்கு எழுத்தில் கிடைக்கும் பழைய சான்றுகளில் இது ஒன்று.

பெண்ணைச் சிறையில் போட்டது அநியாயம். ஆனால் பட்டங்கட்டிகளைப் பொறுப்பாக்கியதில் விவரம் இருந்தது. குடி என்பது குடிப்பவனோடு முடிகிற சங்கதி அல்ல, ஊர் விவகாரம் என்று அந்தக் குருவானவருக்குப் புரிந்திருக்கிறது. அதன்பின் வந்த காலமெல்லாம் தண்டனையை மட்டும் பிடித்துக்கொண்டு, ஊர்ப் பொறுப்பை நாம் மெல்ல மெல்லக் கைவிட்டோம்.

அந்தக் காலத்து முத்துக்குளிப்பு எப்போதாவது வாய்க்கும் தொழில். கடலடிப் பாரில் சிப்பி விளைந்தால்தான் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு. விளையாத வருடங்களில் சங்கும் மீனும்தான் சோறு போட்டன. கரைக்குப் பின்னால் தேரிமண்ணில் பனை, பனையிலிருந்து கள், கள்ளிலிருந்து சாராயம். குடி அன்றும் இருந்தது. ஆனால் காய்ச்சியவன் யார், கடன் சொல்லி வாங்கியவன் யார் என்று ஊருக்கே தெரியும். ஊர் கூடிப் பேசினால் அடுப்பை அணைக்கவும் முடிந்தது.

1961-ஓடு தூத்துக்குடியின் முத்துச் சலாபங்கள் நின்றுபோயின. 1974-ல் துறைமுகம் பெருந்துறைமுகம் ஆனது. லாரியும் கிரேனும் வந்தன, விசைப்படகு வந்தது, கையில் ரொக்கம் புழங்கியது. மதுவிலக்குக் கதை இன்னொரு பக்கம். 1937-ல் சேலத்தில் தொடங்கி 1948-ல் சென்னை மாகாணம் முழுக்கப் பரவிய தடை 1971-ல் தளர்ந்தது. பிறகு போடுவதும் எடுப்பதுமாகச் சில ஆண்டுகள் போயின. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது, 2003-ல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. சாராயம் காய்ச்சுகிறவனை விரட்டத் தெரிந்த ஊர்க் கமிட்டிக்கு, அரசாங்கக் கடையை என்ன செய்வதென்று தெரியவில்லை. 2023-24-ல் டாஸ்மாக் வருமானம் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள், நல்லதுதான். ஆனால் கடையை மூடுவது வேறு, குடித்துப் பழகிப்போன உடம்புக்கு வைத்தியம் பார்ப்பது வேறு. நாம் இரண்டாவதைப் பேசுவதே இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள், 2017 முதல் 61 நாள். விசைப்படகுகள் கரையேறி நிற்கும், பங்கு பிரிக்க எதுவும் இருக்காது. தினமும் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கையில் காசில்லாமல் நிறுத்துகிறார். அல்லது மனைவி அழுதாள், பிள்ளை பேசவில்லை என்று மனம் இளகி, மாதா கோயிலில் சத்தியம் செய்து நிறுத்துகிறார். நல்ல மனசோடுதான் செய்கிறார். முதல் நாள் மாலையே கை நடுங்கும். வலை ஊசியில் நூல் கோர்க்க முடியாது. வியர்த்துக் கொட்டும், சோறு இறங்காது, தூக்கம் வராது. இரண்டாம் நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளை ஒட்டிச் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வாசலுக்கு ஓடுவார், பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்பார்.

வீட்டில் என்ன நினைப்பார்கள்? ‘பேய் பிடிச்சிட்டு’ என்பார்கள், அல்லது ‘சத்தியத்தை மீறி நினைச்சான், மாதா தண்டிச்சிட்டா’ என்பார்கள். இரண்டும் இல்லை. வருடக்கணக்கில் மதுவால் அமுக்கி வைத்திருந்த மூளை, மது திடீரென்று நின்றதும் தறிகெட்டு ஓடுகிறது, அவ்வளவுதான். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். நரம்பைத் தணிக்கும் மருந்தும் தயமின் என்ற பி1 சத்தும் கொடுத்து, மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, ஒரு வாரம் பத்து நாள் பார்த்துக்கொண்டால் பெரும்பாலானவர்கள் இந்தக் கண்டத்தைத் தாண்டிவிடுவார்கள். சத்தியம் செய்யட்டும், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தினமும் குடிப்பவர் சத்தியத்துக்கு முன்னால் டாக்டரைப் பார்த்தாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் குடியும் மனநோயும் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. புத்தி தடுமாறியவரை எங்கே கொண்டுபோவது? தலைமுறை தலைமுறையாக இந்தக் கரைக்குத் தெரிந்த இடங்கள் புளியம்பட்டி அந்தோணியார் கோயில், உவரி அந்தோணியார் கோயில், வடக்கே ஏர்வாடி தர்கா. அங்கே ஆறுதல் உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தனியாகத் தவிக்கும் குடும்பத்துக்கு உட்கார இடமும் கூடி அழ ஆளும் கிடைக்கின்றன. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்டது, அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னர் தர்கா அருகிலேயே மனநல மருத்துவரும் உட்கார்ந்தார். துவா என்ற பிரார்த்தனையும் நடக்கிறது, மருந்தும் கிடைக்கிறது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. ஏர்வாடி கற்ற பாடத்தை மற்றத் திருத்தலங்களும் கற்கலாம். பூசை முடிந்து வெளியே வருகிற இடத்தில் வாரம் ஒரு நாள் டாக்டர் ஒருவர் உட்கார்ந்தால் போதும், பாதி வேலை நடந்துவிடும்.

மருந்து இல்லாத ஊர் அல்ல தூத்துக்குடி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கால்நூற்றாண்டாக இருக்கிறது. ஆனாலும் குடிநோயாளி அங்கே போய்ச் சேருவதில்லை. இது இந்தக் கரையின் குறை மட்டுமல்ல. 2019-ல் வெளியான அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுகிறார். மற்றவர்களுக்கு அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய் என்பதே தெரியாது, தெரிந்தாலும் வெட்கம்.

இளவட்டங்களின் கதை வேறு. இந்தக் கரையிலிருந்து இலங்கைக்குப் பீடி இலையும் மஞ்சளும் போன பாதையில் இன்று கஞ்சாவும் ‘ஐஸ்’ என்கிற மெத்தாம்பெட்டமினும் போகின்றன, பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. பொட்டலம் சுமந்தால் ஒரே ராத்திரியில் காசு. சுமக்கிற கை என்றைக்காவது ருசியும் பார்க்கும். பிடித்து உள்ளே போடுவது போலீஸ் வேலை, அது நடக்கட்டும். ஆனால் பதினாறு வயதுப் பையன் சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கே போவான் என்பது போலீஸ் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய நாடு ஒன்று உண்டு. நம்மைப் போலவே கடலை நம்பிப் பிழைக்கும் ஐஸ்லாந்து. 1998-ல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தின ஒரு மாதத்தில் போதை ஏறக் குடித்திருந்தார்கள். 2016-ல் அது 5 சதவீதம். பிள்ளைகளுக்கு விளையாட்டும் இசையும் சொல்லித்தரப் பணம் கொடுத்தார்கள். பெற்றோர் ஒன்றுகூடி, இருட்டினால் வீட்டுக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அதன் பிள்ளைகளின் குடிக் கணக்கைக் காட்டினார்கள்.

அது பணக்கார நாடு என்பீர்கள். சரி, கோவாவுக்கு வாருங்கள். அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில், டாக்டர் அல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, அளவுமீறிக் குடிக்கும் ஆண்களோடு அதிகபட்சம் நான்கு முறை உட்கார்ந்து பேச வைத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அப்படிப் பேசப்பட்டவர்களில் 36 சதவீதம் பேர் அபாய எல்லையைவிட்டு வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 26 சதவீதம். அடிமையாகிவிட்டவருக்கு இந்தப் பேச்சு மட்டும் போதாது. அடிமையாகும் முன்பே பிடிக்க இதைவிடச் செலவு குறைந்த வழி எனக்குத் தெரியவில்லை. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் பெண்கள் தூத்துக்குடியின் திரேஸ்புரத்துக்கும் போகிறார்கள், மணப்பாட்டுக்கும் போகிறார்கள். ‘அண்ணாச்சி, ராத்திரி தூக்கம் வருதா, தினமும் குடிக்கியளா?’ என்ற கேள்வியையும் அவர்கள் சேர்த்துக் கேட்கலாம்.

பங்குச் சாமியார்களுக்கும், ஜமாத்தாருக்கும், விசைப்படகுச் சங்கத்துக்கும், உப்பளத் தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஏப்ரல் 15-க்கு முன்னால் ஒரு கூட்டம் போடுங்கள். குடியை நிறுத்த நினைப்பவர்கள் பெயரைக் கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள். அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஆட்டோ ஒன்றையும் கூடவே இருக்க ஆள் ஒருவரையும் ஏற்பாடு செய்யுங்கள். மனக்கஷ்டம் எதுவானாலும் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல். அந்த எண்ணை மீன் ஏலக்கூடத்துச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.