தண்டவாளத்தில் மோட்டார் சைக்கிள்: கண்ணும் காதும் ஏமாறுவது ஏன்?

ஈப்போவிலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் வழியாகச் சுங்கை சிப்புட் செல்லும் ரயில் தடத்தை ஒட்டிப் பழைய தோட்டங்களும் தாமான்களும் இருக்கின்றன. ரப்பர் காலத்தில் வேலைக்குப் போனவர்களும் பள்ளிக்குப் போன பிள்ளைகளும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போனார்கள். அப்போது ஒரே தடம். எப்போதாவது ஒரு ரயில் வரும். அதன் டீசல் இன்ஜின் சத்தம் தூரத்திலேயே கேட்கும். பார்த்தார்கள், கேட்டார்கள், தாண்டினார்கள்.

அந்த ரயில் இப்போது இல்லை. ஈப்போ–பாடாங் பெசார் இடையிலான 329 கிலோமீட்டர் இரட்டைத் தட மின்மயத் திட்டம் 2014 இறுதியில் முடிந்தது. 2015 முதல் இத்தடத்தில் இடிஎஸ் மின்ரயில் ஓடுகிறது. அதன் உச்ச சேவை வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர். சாலையும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் சந்தித்த கேட்டுகள் அகற்றப்பட்டு, மேம்பாலங்களும் கீழ்ப்பாதைகளும் வந்தன. தடத்தின் இருபுறமும் வேலி போடப்பட்டது. ஆனால் பாலம் சுற்றுவழி என்று நினைப்பவர்கள், வேலியில் ஓர் ஓட்டை கிடைத்தால் கப்சாயை அதன் வழியே தள்ளிக்கொண்டு போகிறார்கள். ரயில் மாறிவிட்டது. ரயிலைக் கணிக்கும் நம் பழக்கம் இன்னும் மாறவில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

முதலில் கண். பெரிய பொருள் நம்மை நோக்கி வரும்போது, அது உண்மையான வேகத்தைவிட மெதுவாக வருவதாகவே தோன்றும். ரயில் மோதல்களுக்கு இந்த மயக்கம் ஒரு காரணம் என்று ஹெர்ஷல் லெய்போவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1985-லேயே விளக்கினார். நேர் எதிரே வரும் ரயில் நெடுநேரம் ஒரு சிறு புள்ளியாகத் தெரியும். கடைசி சில விநாடிகளில்தான் சட்டென்று பெரிதாகும்.

அடுத்தது காது. மின்ரயிலில் டீசல் இன்ஜினின் இரைச்சல் இல்லை. தலைக்கவசம், காற்று, மோட்டாரின் சொந்தச் சத்தம் எல்லாம் சேர்ந்தால், ரயில் அருகில் வரும்வரை ஒன்றும் கேட்காமல் போகலாம்.

கணக்கையும் பார்ப்போம். மணிக்கு 140 கிலோமீட்டர் என்றால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 39 மீட்டர். சரளைக் கற்களின் மேல் கப்சாயைத் தள்ளி இரண்டு தடங்களையும் கடக்க 10 விநாடியாவது ஆகும். அதற்குள் ரயில் ஏறக்குறைய 390 மீட்டர் வந்துவிடும். ஓட்டுநர் உங்களைப் பார்த்து அவசர பிரேக் போட்டாலும், அந்த வேகத்தில் வரும் ரயில் நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தேவை. எஃகுச் சக்கரத்துக்கு எஃகுத் தண்டவாளத்தில் டயரைப் போல் பிடிப்பு கிடையாது.

இரட்டைத் தடத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு ரயில் போனதும் "போய்விட்டது" என்று கால் எடுத்து வைப்போம். அதே நேரத்தில் அந்த ரயிலின் மறைவில் எதிர்த்திசையிலிருந்து இரண்டாவது ரயில் வந்துகொண்டிருக்கலாம்.

தண்டவாளத்துக்கு வெளியே நின்றால் போதும் என்பதும் தவறு. நம் நாட்டுத் தடத்தின் அகலம் ஒரு மீட்டர்தான். ரயில் பெட்டியின் அகலம் ஏறக்குறைய 2.7 மீட்டர். அதாவது பெட்டி ஒவ்வொரு பக்கமும் தண்டவாளத்தைத் தாண்டி 85 சென்டிமீட்டர் வரை நீட்டிக்கொண்டிருக்கும். முன்சக்கரத்தைத் தண்டவாளத்தின் ஓரத்தில் வைத்துக் காத்திருப்பவர் ரயிலின் பாதைக்குள்தான் நிற்கிறார்.

மோதினால் என்ன ஆகும்? காரில் இருப்பவரைச் சுற்றி இரும்புக் கூடு உண்டு. மோட்டாரில் போகிறவருக்கு அது இல்லை. பக்கவாட்டில் அடி விழுந்தால் கால் எலும்பும் தொடை எலும்பும் முறியும். இடுப்பு எலும்பு உடைந்தால் இரத்தம் வெளியே தெரியாமல் உள்ளேயே கொட்டும். தூக்கி எறியப்படுபவருக்குத் தலையிலும் முதுகெலும்பிலும் காயம் படும். சக்கரத்தில் சிக்கினால் கை, கால் துண்டாகலாம். உயிர் பிழைத்தாலும் பலரால் பழைய வேலைக்குத் திரும்ப முடிவதில்லை.

மோட்டார் தண்டவாளத்தில் சிக்கிக்கொண்டால் அதை அப்படியே விட்டுவிட்டு ஓடுங்கள். தடத்திலிருந்து விலகி, ரயில் வரும் திசைப்பக்கமாகச் சாய்வாக ஓட வேண்டும். மோதிச் சிதறும் துண்டுகள் ரயில் போகும் திசையில்தான் பறக்கும். தவணை கட்டி முடியாத மோட்டாராக இருந்தாலும் உயிரைவிடப் பெரிதல்ல.

விபத்தைப் பார்த்தவர்கள் உடனே 999-ஐ அழைக்க வேண்டும். அருகிலுள்ள நிலையம் அல்லது பாலத்தின் பெயரையும் மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் சொன்னால் இடத்தை விரைவில் கண்டுபிடிக்கலாம். ரயில்கள் நிறுத்தப்பட்டது உறுதியாகும்வரை தடத்தில் இறங்க வேண்டாம். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. அறுந்து தொங்கும் கம்பியை நெருங்கவே கூடாது. காயப்பட்டவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். மூச்சு விடச் சிரமம் இல்லையென்றால் தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள். இரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். துண்டான பகுதியை ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் படக்கூடாது.

வேலைக்குப் போகும்போதோ வீடு திரும்பும்போதோ வழியில் விபத்து நடந்தால், 1969-ஆம் ஆண்டு சொக்சோ சட்டம் அதை வேலை தொடர்பான விபத்தாகக் கருத இடம் தருகிறது. முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். போலீஸ் புகாரையும் மருத்துவச் சான்றிதழையும் பத்திரப்படுத்துங்கள். வழியை விட்டு விலகிப் போயிருந்தால் சிக்கல் வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேட் உள்ள இடங்களிலும் கவனம் தேவை. கிமாஸ்–தும்பாட் கிழக்குக்கரைத் தடத்தில் இன்னும் கேட்டுகள் உண்டு. தமிழ்நாட்டில் கடலூர் அருகே செம்மங்குப்பத்தில், 2025 ஜூலை 8 அன்று ஆள் காவல் உள்ள கேட்டிலேயே பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கேட் திறந்திருந்தாலும் நின்று, இருபுறமும் பார்த்து, தண்டவாளத்தை நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சிறிய டயர் இடைவெளியில் சிக்கும். மழையில் தண்டவாளம் வழுக்கும்.

உங்கள் வட்டாரத்தில் வேலி அறுந்திருந்தால் படம் எடுத்து கேடிஎம் நிலையத்தில் புகார் செய்யுங்கள். பாலம் உண்மையிலேயே தூரம் என்றால், குடியிருப்பாளர் சங்கம் மூலம் சட்டமன்ற உறுப்பினரிடம் மனு கொடுத்து மோட்டார் பாதை கேளுங்கள். அது வரும்வரை சுற்றுவழிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்புவோம். மோட்டார் ஓட்டத் தொடங்கும் நம் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிக் கொடுப்போம்.