பாக்குவெட்டி பெயர் கொண்ட செடி

என் அம்மா ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் கித்தா மரம் வெட்டியவர். ஐம்பதை நெருங்கிய வயதில், பனி இறங்கும் விடியற்காலையில் பிரட்டுக்கு நிற்கும்போதே அவருக்கு ரவிக்கை நனைந்துவிடும். கழுத்திலிருந்து முகம்வரை குப்பென்று அனல் ஏறும். இரண்டு மூன்று நிமிடத்தில் அது இறங்கியதும் உடம்பு நடுங்கும். அண்டை வீட்டு மலாய்க்கார அக்கா ‘கச்சிப் பாத்திமா’ என்ற செடியின் வேரைக் கொண்டுவந்து, வேக வைத்துக் குடிக்கச் சொன்னார்.

அந்த அனல் பிறப்பது தோலில் அல்ல, மூளையில். ஹைப்போதலாமஸ் என்ற பாதாம் பருப்பளவுப் பகுதிதான் உடல் வெப்பத்தைக் காவல் காக்கிறது. சினைப்பை ஓய்ந்து ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும், அங்கே அதுவரை அடங்கியிருந்த சில நரம்பணுக்கள் துடிக்கத் தொடங்குகின்றன. வெப்பம் இம்மியளவு கூடினாலும் உடம்பு கொதிக்கிறது என்று மூளை எண்ணிக்கொள்கிறது. உடனே ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வேர்வை கொட்டுகிறது. எத்தனை நுட்பமான காவல், எத்தனை சின்னப் பிசகு!

கச்சிப் என்றால் மலாயில் பாக்குவெட்டி. மழைக்காட்டு நிழலில் ஓர் அடி உயரத்துக்கு வளரும் இச்செடிக்கு ‘செலுசோ பாத்திமா’ என்றும் பெயர் உண்டு. செலுசோ என்பது பிரசவத்தை எளிதாக்கக் கொடுக்கும் மருந்து. ஆகவே, இது அடிப்படையில் பேறுகாலப் பச்சிலை. ஈஸ்ட்ரோஜனைப் போல இலேசாக வேலை செய்யும் பொருள்கள் இதில் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. சினைப்பை நீக்கிய எலிகளில் எலும்புக்கு நன்மை தெரிந்திருக்கிறது. பெண்களிடம் நடந்த ஆய்வுகளோ சிறியவை. அனல் தணியும் என்று அவை நிரூபிக்கவில்லை.

ஹார்மோன் மாத்திரையால் மார்பகப் புற்றுநோய் கூடலாம் என்று 2002-இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்று சொன்னதும், பெண்கள் பலர் மூலிகைப் பக்கம் திரும்பினார்கள். அங்கே பேர்போன பிளாக் கோஹோஷ் வேரை 351 பெண்களிடம் ஓராண்டு சோதித்தார்கள். 2006-இல் வெளியான முடிவில், அது வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. அதைச் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்ததாகப் பல நாடுகளில் எச்சரிக்கையும் உண்டு. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அனல் கணிசமாகக் குறைவது இப்படிப்பட்ட ஆய்வுகளில் வழக்கம். அவர்கள் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே குறைகிறது. கச்சிப் பாத்திமா குடித்த அம்மாவுக்கும் குறைந்தது. வேராலா, காலத்தாலா, அக்காவின் அன்பாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

இன்று பசார் மாலாமில் கச்சிப் பாத்திமா மாத்திரையாகவும் காப்பித்தூளாகவும் கிடைக்கிறது. மாத்திரைப் பெட்டியில் ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கி, இலக்கங்களுக்குப் பின் ‘டி’ (T) வரும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்தாகப் பதிவாகி, கன உலோகமும் கிருமியும் சோதிக்கப்பட்டது என்பதற்கு அது அடையாளம். நோய் தீரும் என்பதற்கு அல்ல. எண் இல்லாத சரக்குகளில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டதுண்டு.

மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம். மாதவிடாய் முறை தவறி வரும் வயதில் இன்னும் கருத்தரிக்கலாம். பேறுகாலப் பச்சிலை அப்போது ஆபத்து. ஓராண்டு நின்றுபோன பிறகு மறுபடி ரத்தம் பட்டால், ஒரு சொட்டானாலும், அதற்கு எந்தக் கஷாயமும் வைக்காதீர்கள். கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக அது இருக்கலாம். அன்றே கிளினிக்குக்குப் போங்கள், குடித்துவந்த பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு.