இருமுறை சுட்ட உருளைக்கிழங்கு

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஆலையின் சங்குதான் இன்று வீட்டு அடுப்புக்கும் நேரம் குறிக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. ஒரகடத்தில் 2010இல் ரெனால்ட்-நிஸான் ஆலை திறக்கப்பட்டது. இவற்றாலும் இவற்றைச் சுற்றி எழுந்த ஆலைகளாலும் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆயினும் இரவு ‘ஷிப்டு’ முடித்துத் தந்தை வீடு சேரும்போது பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்பட்டிருப்பார்கள். மாலை ‘ஷிப்டு’க்குப் போன மகள் திரும்பும்போது வீடே உறங்கியிருக்கும். அவர்களுக்கு வாய்ப்பது பெரும்பாலும் ஆறிய சோறுதான்.

இத்தகைய வீடுகளுக்கென்றே அமைந்தாற்போல் மேல்நாட்டுப் பதார்த்தம் ஒன்று உண்டு. உருளைக்கிழங்கைத் தோலோடு சுட்டு, உள்ளிருக்கும் சதையை வழித்து மசித்து, அதே தோலில் நிரப்பி மறுபடியும் சுடுவார்கள். முதற்சூட்டைப் பகலிலேயே முடித்துவிடலாம். வேலையிலிருந்து வந்தவர் குளித்து உடைமாற்றி வருவதற்குள் இரண்டாம் சூடு முடிந்துவிடும்.

இதற்கு மாவாக உதிரும் கிழங்கே ஏற்றது. நீலகிரியில் இப்பயிரைப் புகுத்தியவர் கோயம்புத்தூர் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன். ஊட்டிக் கிழங்குக்கு நம் சந்தைகளில் இன்றும் தனி மதிப்பு உண்டு. ஆனால் பெயரை மட்டும் நம்ப வேண்டியதில்லை. 11 கிண்ணம் நீரில் ஒரு கிண்ணம் உப்பைக் கரைத்துக் கிழங்கை இடுங்கள். மூழ்கினால் மாவுக் கிழங்கு. மிதந்தால் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம். பச்சை படர்ந்ததையும் முளைவிட்டதையும் தயங்காமல் தள்ளிவிடுக. தோலையும் உண்ணப்போகிறோம், அதிலுள்ள சோலனைன் என்னும் நஞ்சு அடுப்புச் சூட்டில் அழிவதில்லை.

கால் கிலோ அளவுள்ள கிழங்குகளைக் கழுவித் துடைத்து, முள்கரண்டியால் ஆங்காங்கே குத்தி, எண்ணெய் தடவுங்கள். குத்தாவிட்டால் உள்ளே சேரும் நீராவியால் வெடிக்கக்கூடும். ஓவனில் 200 டிகிரி சூட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஓவன் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கனத்த அலுமினியப் பாத்திரத்தில் மணலைப் பரப்பிக் கிறிஸ்துமஸ் கேக் சுட்ட பாட்டிமார் நம் குடும்பங்களில் இருந்தார்களே, அதே முறைதான். மணல்மேல் ஒரு முக்காலி, அதன்மேல் தட்டு, தட்டில் கிழங்கு, மேலே இறுக்கமான மூடி. நேரம் சற்றுக் கூடும். ஒருமுறை திருப்பிவிட வேண்டும். கம்பி தடையின்றி இறங்கினால் வெந்தது என்று பொருள்.

சூடாயிருக்கும்போதே நீளவாக்கில் பிளந்து, தோலையொட்டிக் கால் அங்குலச் சதையை விட்டுவிட்டு மற்றதை வழித்தெடுங்கள். வெண்ணெய், சுடுபால், உப்பு, மிளகுத்தூள் சேர்த்துக் கையால் மசிக்க வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் மாவுச்சத்து வெளிப்பட்டுப் பசைபோலாகிவிடும். துருவிய சீஸ் அல்லது பனீர், வதக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி ஆகியவை உங்கள் விருப்பம். சுத்தபோசன நாளுக்கும் இது பொருந்தும். வெண்ணெயையும் சீஸையும் குவித்துவிட்டு அதை ஒறுத்தல் என்று சொல்லும்போதுதான் எனக்குச் சிரிப்பு வரும்.

இரு சூடுகளுக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் மிகுந்த விழிப்பு வேண்டும். நிரப்பிய கிழங்கை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் மூடி வைத்துவிட வேண்டும். 1994இல் அமெரிக்காவின் எல் பாஸோ நகரிலுள்ள ஓர் உணவகத்தில், அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்ட கிழங்குகளைச் சில நாட்கள் வெளியிலேயே வைத்திருந்து பயன்படுத்தியதால் 30 பேர் பொட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோய்க்கு ஆளாயினர். அந்நோய்க் கிருமியின் வித்துகள் அடுப்புச் சூட்டிலும் பிழைத்து, காற்றுப் புகாத வெதுவெதுப்பில் நஞ்சை உண்டாக்குகின்றன. ஆகவே தாளில் சுற்றாமல் சுடுங்கள், தோலும் மொறுமொறுப்பாகும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் இரு சூட்டையும் அடுத்தடுத்து முடித்து உடனே உண்பதே தக்கது.

குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்ததற்கு, முன்கூட்டிச் சூடேற்றிய ஓவனில் அரை மணி நேரம் தேவை. நடுவிலும் ஆவி பறக்க வேண்டும். இதற்காக நாள் முழுதும் உழைத்த தாய்தான் நள்ளிரவில் எழ வேண்டும் என்பதில்லை. காரம் சேர்த்த கிழங்கின்மேல் அடையாளமாக ஒரு கறிவேப்பிலையைச் செருகி வைத்தால், தாமதமாக வருகிறவர் எவரையும் எழுப்பாமல் தம்முடையதைத் தாமே எடுத்துச் சுட்டுக்கொள்ளலாம்.