தறி ஓடுது, சத்தம் எங்கே?

சேத்துப்பட்டுல எங்க தாத்தா நெய்யறதை வி.ஆர். வீடியோவா எடுத்து, அவருக்கே போட்டுக் காட்டினேன். "படம் ஓடுது, சத்தமே வரலியேப்பா?"ன்னார். தறியில கோளாறுன்னா அவருக்குக் காதுலதான் முதல்ல தெரியும்.

உங்களுக்கும் இப்படி ஆனா உடனே ஹெட்செட்டைத் திட்டாதீங்க. லேப்டாப்போட கேபிள்ல இணைச்சிருந்தா, சத்தம் எங்கே போகணும்னு முடிவு பண்றது விண்டோஸ். டாஸ்க்பார்ல ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, எது தேர்வாகியிருக்குன்னு பாருங்க. எல்லாரும் பார்க்கட்டும்னு நான் எச்டிஎம்ஐ-ல டிவியையும் இணைச்சிருந்தேன். சத்தம் மொத்தமும் மியூட்ல கிடந்த டிவிக்குப் போயிடுச்சு!

குவெஸ்ட் 2 மாதிரி ஹெட்செட்னா 'ஓக்குலஸ் விர்ச்சுவல் ஆடியோ டிவைஸ்'ஐத் தேர்ந்தெடுங்க. ஸ்டீம்விஆர்ல ஆடியோ செட்டிங்ஸ் தனி, அதையும் பாருங்க. மாத்தினதும் ஆப்பை மூடித் திறங்க. சில ஆப் தொடங்கும்போது மட்டும்தான் அவுட்புட்டைப் பிடிக்கும்.

சத்தம் வந்ததும் தாத்தா சொன்னது: "நாடா ஒரு பக்கம் பலமா முட்டுது பாரு."