இழுத்து விடும் முன் ஒரு கணம்!

பீனியாவில் ஒரு தொழிற்சாலை ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசி. சம்பளப் பட்டியலைத் தயார் செய்த குமாஸ்தா, கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பை மவுசால் பிடித்து வேறொரு போல்டருக்கு இழுக்கிறார். வழியில் விரல் நழுவுகிறது. பட்டியலைக் காணோம்! அழிந்துவிட்டது என்று பயந்து, இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்து மறுபடியும் டைப் அடிக்கிறார்.

இப்படித் தவித்தவர்கள் நம்மில் பலர் உண்டு. பட்டியல் அழியவில்லை. பக்கத்துப் போல்டருக்குள் பத்திரமாக இருக்கிறது!

குமாஸ்தாவின் மேஜை

ஆபீஸ் மேஜையைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் திரையை அமைத்தார்கள். 1981-ல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டார்' கம்ப்யூட்டரில், கோப்புகளும் போல்டர்களும் சிறு படங்களாகத் தெரிந்தன. ஆனால் கோப்பை இடம் மாற்ற, 'மூவ்' என்ற தனிப் பொத்தானை அழுத்த வேண்டும். 1983-ல் வந்த ஆப்பிள் நிறுவனத்தின் 'லிசா'வில், படத்தை மவுசாலேயே இழுத்துப் போட முடிந்தது. 1995-ல் வந்த 'விண்டோஸ் 95' இந்தப் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது.

இடமாற்றமா, நகலா?

விண்டோசில் ஒரு விதி உண்டு. ஒரே டிரைவுக்குள் இழுத்தால், கோப்பு இடம் மாறும். பழைய இடத்தில் இருக்காது. ஒரு டிரைவிலிருந்து இன்னொரு டிரைவுக்கு இழுத்தால், நகல் மட்டுமே போகும். அசல் அங்கேயே இருக்கும்.

ஸ்ரீராமபுரத்தில் வீட்டைக் காலி செய்து அல்சூருக்குக் குடிபோவது போன்றது முதலாவது. ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்து ஊருக்கு அனுப்புவது போன்றது இரண்டாவது.

இது தெரியாததால் வரும் தொல்லையைப் பாருங்கள். ஆதார் அட்டையை அச்செடுக்க, பென் டிரைவோடு கடைக்குப் போகிறோம். கடைக்காரர் கோப்பைத் தம் கம்ப்யூட்டருக்கு இழுத்து அச்செடுத்துத் தருகிறார். பென் டிரைவை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். ஆதாரின் நகலோ கடையிலேயே தங்கிவிடுகிறது! அதை அழிக்கச் சொல்லுங்கள். 'ரீசைக்கிள் பின்' என்னும் குப்பைக் கூடையையும் காலி செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று: பென் டிரைவில் உள்ள பட்டியலைத் திருத்தினால், ஆபீஸ் கம்ப்யூட்டரில் உள்ளது திருந்தாது. பழைய பட்டியல்படி சம்பளம் போட்டால், ஓவர்டைம் பணம் விட்டுப்போகும்!

கை தவறினால்...

பதற வேண்டாம். வேறு எதையும் தொடும் முன், 'கன்ட்ரோல்' பொத்தானை அழுத்திக்கொண்டு 'இசட்' எழுத்தைத் தட்டுங்கள். இடம் மாறிய கோப்பு திரும்பிவிடும். இழுக்கும்போதே சந்தேகம் வந்தால், மவுஸ் பொத்தானை விடாமல் 'எஸ்கேப்' தட்டினால் போதும். நேரம் கழித்துத் தெரிய வந்தால், கோப்பின் பெயரில் ஒரு பகுதியைத் தேடல் கட்டத்தில் டைப் செய்து பாருங்கள்.

எல்லாவற்றிலும் நல்ல வழி, மவுசின் வலது பொத்தானை அழுத்திக்கொண்டு இழுப்பது. விட்டதும் ஒரு சிறு பட்டியல் தோன்றும். நகல் எடுக்கவா, இடம் மாற்றவா, வேண்டாமா என்று கம்ப்யூட்டரே கேட்கும். யோசித்துப் பதில் சொல்லலாம்.

சம்பளப் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் ஒரு குடும்பத்தின் வாடகையும் அரிசியும் இருக்கிறது. விரலை எடுக்கும் முன், எங்கே விடுகிறோம் என்று ஒரு கணம் பாருங்கள்!