இரண்டாம் திரையின் பொருளியல்

சோமனூர் விசைத்தறிக் கணக்குகள் பலவும் இன்று மடிக்கணினியில் ஏறிவிட்டன. நூல் கொள்முதல் ஒருபுறம், ஜிஎஸ்டி படிவம் மறுபுறம் என விரித்துவைக்க ஒரு திரை போதாது. பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் நான் கூறுவது, முதலில் கையிருப்பைக் கணக்கிடுக என்பதே.

ஹெச்டிஎம்ஐ போர்ட் ஒரு மானிட்டரை ஏற்கும். பழைய விஜிஏ மானிட்டரையும் சிறிய அடாப்டர் மூலம் இணைக்கலாம். யுஎஸ்பி-சி போர்ட்டில் டிஸ்பிளேபோர்ட் வசதி இருப்பின் இரண்டாவதும் இயங்கும். எல்லாவற்றிலும் அது இருப்பதில்லை. மலிவான ஹெச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் ஒரே காட்சியை இரு திரைகளில் காட்டுமேயன்றிப் பணிப்பரப்பை விரிக்காது. டிஸ்பிளேலிங்க் அடாப்டர் சாதாரண யுஎஸ்பி போர்ட்டிலும் இயங்கும்; ஆயினும் விலை கூடுதல், செயலியின் திறனிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே அது கடைசி வழி.

கூலி உயர்வுக்காகத் தறிகளை நிறுத்திப் போராடிய ஊரில், பயன்படாத கருவிக்குத் தரும் ஆயிரம் ரூபாய் சிறு தொகையன்று.